முதல் முப்பது தலைகள்

மீனுக்குக் காது உண்டு என்று சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் நான் அவர்கள் காதில் பூ சுற்றுகிறேன் என்று நினைப்பார்கள். வெளியே தெரியாது, மண்டைக்குள் இருக்கிறது. அதற்குள்ளே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வெள்ளைக் கற்கள். வெட்டிய மரத்தில் வளையம் தெரிகிறதல்லவா, அதே மாதிரி இந்தக் கல்லிலும் வருஷத்துக்கு ஒரு வளையம் விழும். அதை எண்ணி மீனின் வயதைச் சொல்வதுதான் பத்தொன்பது வருஷமாக என் பிழைப்பு. மீன் ஏலக்கூடத்தில் எனக்குக் கல்லு டாக்டர் என்று பெயர். மரியாதையாக வைத்த பெயர் இல்லை.

அதைவிட எரிச்சலான பெயர் ஒன்று வீட்டில் இருந்தது. அண்ணன் என்னைப் பாப்பா என்பான். எனக்கு நாற்பத்தோரு வயது. கண்ணாடி போட்டாகிவிட்டது, முட்டி வலிக்கிறது, ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டாவது இடம். இவன் தெருமுனையில் நின்றுகொண்டு, "பாப்பா, குடை எடுத்தியா?" என்று கத்துவான். ஊரில் எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். என்னைப் பார்த்தால், "அண்ணன் சௌக்கியமா?" என்பார்கள். நான் சௌக்கியமா என்று ஒருவரும் கேட்டதில்லை.

அண்ணன் தூண்டில்காரன். அவன் படகு பதினெட்டு அடி, தட்டை அடிப்பாகம், பின்னால் சின்ன மோட்டார். குடாவுக்குள் ஓடுவதற்கென்றே கட்டியது. குடாவின் வாயில் ஒரு மணல்மேடு இருக்கிறது. அதைத் தாண்டிப் பெரிய அலைக்குள் போனால் அந்தப் படகு நாலே அலையில் கவிழ்ந்துவிடும். அவனைப் போல நாற்பது படகுகள். எல்லோருக்கும் குடாதான் வயல், குடாதான் களஞ்சியம். அடியில் கடற்புல், நடுவில் பாறைத்திட்டுகள், பாறை இடுக்குகளில் கலவா மீன். குடா இல்லையென்றால் அந்த நாற்பது பேரும் கரையில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

கலவாவின் வயதைக் கண்டுபிடிக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். ஒரு நீர்நிலையில் கிழட்டு மீன்களும் இருந்தால் அது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். குஞ்சும் குளுவானும் மட்டும் இருந்தால், வளர்வதற்குள் பிடித்துத் தீர்த்துவிடுகிறார்கள் என்று அர்த்தம். நாலு வருஷத் திட்டம். வாரம் ஒரு நாள், முதலில் கரை சேரும் படகின் முதல் கூடையிலிருந்து, கையில் வந்த வரிசையில் முப்பது மீன். பெரிதா சிறிதா என்று பார்க்கக் கூடாது, அழகானதைப் பொறுக்கக் கூடாது. மனிதக் கை சும்மா இருக்காது, எதையாவது தேடிக்கொண்டே இருக்கும் என்பதால் இந்த விதி. ஒவ்வொரு வாரத் தாளின் அடியிலும் ஒரு வரி அச்சிட்டிருக்கும்: தேர்வின்றி, என் கையால் எடுக்கப்பட்டது. அதன் கீழே என் கையெழுத்து.

முதல் வருஷம் அப்படித்தான் செய்தேன். காலை ஐந்தரைக்கு ஈரத் தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து வெட்டினேன். சின்ன மீன் என்றால் மண்டையை மேலிருந்து ஒரே வெட்டு. பெரியதை அப்படித் தொட வியாபாரிகள் விட மாட்டார்கள். முகம் சிதைந்தால் விலை போகாதாம். அதனால் செவுளைத் தூக்கி, உள்ளே கையை விட்டு, மண்டையின் அடிப்பக்கத்தைக் குடைந்து கல்லை எடுக்க வேண்டும். பெரிய கலவாவின் மண்டை எலும்பு லேசுப்பட்டதல்ல. வருஷம் முடிவதற்குள் என் வலது மணிக்கட்டு வீங்கி, ஒரு தம்ளரைத் தூக்கினால்கூடக் கை நடுங்கியது.

"நீ எதுக்குப் போற? தலைய நான் கொண்டு வரேன்," என்றான் அண்ணன்.

விதி கூடாது என்கிறது. வலி வேண்டும் என்கிறது. வலிதான் ஜெயித்தது. அவனுக்கு முதல் முப்பது என்றால் என்ன என்று சொல்லிக் கொடுத்தேன். நீளத்தை அளந்து துண்டுச்சீட்டில் எழுதித் தலையோடு கட்டக் கற்றுக் கொடுத்தேன். ஏழாம் வகுப்போடு நின்றவன், என்னைவிடத் திருத்தமாக எழுதினான். பெரிய மீன்கள் முழுசாக விற்றுப்போகும் என்பதால், எந்த ஓட்டல் எதை வாங்கியது என்று குறித்து வைத்துக்கொண்டு, மதியம் சைக்கிளில் சமையற்கட்டு சமையற்கட்டாகப் போய்த் தலையை வாங்கி வந்தான். நான் என் மேசையில் உட்கார்ந்து, நானே எடுத்ததாகக் கையெழுத்துப் போட்டேன். இப்படி ஏழு மாதம் ஓடியது.

ஏழாவது மாதத்தில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. அன்று அவன் கொண்டு வந்ததில் ஒன்பது பெரிய மண்டைகள், அவற்றைக் குடைந்து கல்லை எடுப்பது மட்டும் இன்னும் என் வேலை. கை மறுபடி வீங்கிவிட்டது. இடது கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவன் வேறு கரிசனமாக, "ரொம்ப வலிக்குதா?" என்றான்.

"வலிக்காம? இவ்ளோ பெரிய மண்டையெல்லாம் எவன் கேட்டான்? இனிமே பெருசா கொண்டு வராத."

"சரி பாப்பா," என்றான். அண்ணி பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் கோபத்தில் ஆயிரம் சொல்வேன். கை கழுவும்போதே மறந்துவிடுவேன். அவன் மறக்க மாட்டான்.

அடுத்த வாரத்திலிருந்து வந்த தலைகள் எல்லாம் சின்னது. கழுவி, செவுள் நீக்கி, ஐஸ் பெட்டியில் வரிசையாக அடுக்கி, ஒரே அளவு. எனக்கு உறைக்கவில்லையா என்று கேட்பீர்கள். உறைத்தது. ஆனால் அது எனக்குத் துக்கமாக உறைக்கவில்லை. குடா காலியாகிறது என்று நான் முதலிலேயே நம்பியிருந்தேன். நங்கூரம் இழுத்த இடமெல்லாம் கடற்புல் வழித்துக்கொண்டு போயிருந்ததை நானே முங்கிப் பார்த்திருக்கிறேன். நம்பியது கண்ணெதிரே நிரூபணமாகும்போது யார்தான் சந்தேகப்படுவார்கள்? பார்த்தாயா, நான் சொன்னேனே என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

எங்கள் டைரக்டருக்குப் பவர்பாயிண்ட் என்று பெயர். காபி குடிப்பதைப் பற்றிக்கூட மூன்று ஸ்லைடில்தான் பேசுவார். நாலு வருஷத்துக் கணக்கையும் வருஷ சராசரியாக்கி ஒரு படம் போட்டார். முதல் வருஷம், முப்பதில் ஏழு மீன் பத்து வயதைத் தாண்டியது. இரண்டாம் வருஷம் நாலு. மூன்றாம், நாலாம் வருஷத்தில் ஒன்றுகூட இல்லை. வழுக்கிக்கொண்டு இறங்கும் ஒரு கோடு, பார்த்தவர்கள் அத்தனை பேரும் உச்சுக்கொட்டினார்கள். குடாவில் ஐந்து வருஷம் மீன்பிடிக்கத் தடை போட வேண்டும் என்று அறிக்கை போனது. அறிக்கையில் முதல் பெயர் என்னுடையது. பத்திரிகையில் என் படம் வந்தது. அந்த வாரம்தான் முதல்முறையாகத் தெருவில் ஒருவர் அண்ணனை நிறுத்தி, "தங்கச்சி சௌக்கியமா?" என்று கேட்டாராம். அண்ணன் வந்து சந்தோஷமாகச் சொன்னான். தடை வந்தால் தன் படகும் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்று இருக்கிறது, மீனவர்கள் பேசுவார்கள், அதிகாரி கேட்பார் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் நான் ஒரு அதிகப்பிரசங்கித்தனம் செய்தேன். யாராவது எடக்குமடக்காகக் கேட்டால் காட்டலாமே என்று, வருஷ சராசரியை விட்டுவிட்டு வாரவாரியாகப் படம் போட்டேன். திரையில் வந்தது சரிவே இல்லை. ஒன்றரை வருஷத்துக்கு மேல் சமதளம், பிறகு ஒரு வாரத்தில் செங்குத்தாக ஒரு வீழ்ச்சி, அப்புறம் தரையோடு தரை. பெரிய மீன்கள் ஒரு செவ்வாய்க்கிழமை பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு குடாவைக் காலி செய்வதில்லை. அந்த வாரத்துத் தாளை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது. இடது கையால் போட்டது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்குப் பின்பக்கம் போனேன். அண்ணன் வெயிலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வளைந்த தூண்டில் முட்களைக் குறடால் நிமிர்த்திக்கொண்டிருந்தான். பெரிய கலவா இப்போதும் மாட்டுகிறதா என்று கேட்டேன்.

"மாட்டாம? நேத்துகூட ரெண்டு," என்றான்.

"அப்ப ஏன் எனக்குக் கொண்டு வரல?"

அவன் குறடைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். ஏதாவது தப்புச் செய்துவிட்டோமோ என்ற பார்வை.

"நீதானே பெருசு வேண்டாம்னு சொன்ன? கை போயிடும்னு."

அவன் சொல்லச் சொல்ல எல்லாம் வெளியே வந்தது. முதல் கூடையில் பெரியது வந்தால் ஒதுக்கிவிட்டு, முப்பது சேரும்வரை அடுத்த கூடைக்கும் அதற்கடுத்த படகுக்கும் போயிருக்கிறான். மழை நாட்களில் அதற்காகப் பத்து மணி வரைக்கும்கூட நின்றிருக்கிறான். சின்னதிலும் எலும்பு மெல்லியதாகப் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறான். இவ்வளவு மெனக்கெட்டு ஒருவன் தன் தலையில் தானே கல்லைத் தூக்கிப் போட்டுக்கொண்டதை நான் கேள்விப்பட்டதில்லை.

எனக்கு அவன்மேல் கோபம்தான் வந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. பாவமாக இருந்திருக்க வேண்டும், வெட்கமாக இருந்திருக்க வேண்டும், இரண்டும் இல்லை. சொன்னதை அப்படியே கேட்கச் சொன்னது யார், கொஞ்சம்கூட மூளையைப் பயன்படுத்த மாட்டாயா என்று திட்டினேன். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். திட்டி முடித்ததும், இதற்கு என்ன பொருள் என்று அவனுக்குப் புரியும்படி சொன்னேன். கணக்கு தப்பு. தப்பு என்று தெரிந்தால் தடை வராது. ஆனால் தலைகளை நான் எடுக்கவில்லை, அவன் எடுத்தான் என்று வெளியே வரும். நானே எடுத்ததாகச் சொல்லும் நூற்று ஐம்பது கையெழுத்துகள் நிலையத்து அலமாரியில் இருக்கின்றன.

"வெளிய வந்தா?"

"என் வேலை போயிடும். வேற எங்கயும் சேத்துக்க மாட்டாங்க."

"வரலன்னா குடா போயிடும்."

"அஞ்சு வருஷம்தான்."

அவன் ஒரு முள்ளை எடுத்து விரலில் உருட்டினான். "ரெண்டுல ஒண்ணுதானா பாப்பா? வேற வழியே இல்லையா?"

இருந்தது. நானே டைரக்டரிடம் போய், என் அண்ணனைக் காட்டிக் கொடுக்காமல், படத்தைக் காட்டி, மாதிரி எடுத்ததில் கோளாறு, ஒரு வருஷம் மறுபடி எடுப்போம் என்று சொல்லியிருக்கலாம். திட்டு விழும். அறிக்கையிலிருந்து பெயர் போகும். பத்திரிகைப் படம் ஊர் சிரிக்கும் படமாகும். வேலை ஒருவேளை போயிருக்கலாம், ஒருவேளை தப்பியிருக்கலாம். அந்த ஒருவேளையை நான் அவனிடம் சொல்லவில்லை.

"வேற வழி இல்ல," என்றேன்.

கூட்டம் காலை பத்து மணிக்கு, நகர மண்டபத்தில். மடக்கு நாற்காலிகள், மேலே கிறீச்சிடும் மின்விசிறிகள், மேடையில் மீன்வளத் துறை அதிகாரி, அவர் பக்கத்தில் பவர்பாயிண்ட், அவர் பக்கத்தில் நான். கீழே நாற்பது படகுக்காரர்களும் அவர்கள் வீட்டாரும். அண்ணன் மூன்றாவது வரிசை, பக்கத்தில் அண்ணி. வழுக்கிக்கொண்டு இறங்கும் கோட்டைத் திரையில் போட்டார்கள். வாரவாரிப் படம் என் கைப்பைக்குள் மடங்கி இருந்தது.

படகுக்காரர்களில் ஒருவனுக்கு லவுட்ஸ்பீக்கர் என்று பெயர். அவன்தான் முதலில் எழுந்தான். பெரிய மீன் இல்லை என்பது பச்சைப் பொய், போன வாரம் நான் பிடித்ததை இரண்டு பேர் தூக்கினோம் என்றான். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, எத்தனை மீன், எந்தத் தேதி, யார் அளந்தது என்று கேட்டார். லவுட்ஸ்பீக்கரிடம் தேதி இல்லை. என்னிடம் ஆறாயிரம் மீன்களின் கற்கள் தேதியோடு இருந்தன. ஒருவருடைய அனுபவத்தை மறுக்கவில்லை, ஆனால் ஆதாரம் என்று ஒன்று வேண்டுமே என்றார் அதிகாரி. சபை முணுமுணுத்தது.

பிறகு லவுட்ஸ்பீக்கர் திரும்பி அண்ணனைப் பார்த்தான். இவனைக் கேளுங்கள், தலை சேகரித்துக் கொடுத்ததே இவன்தான் என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். நல்லவேளை, ஏலக்கூடத்தில் எல்லோரும் அவன் தங்கைக்குச் சாப்பாட்டுக்கு எடுத்துப் போகிறான், பூனைக்கு எடுத்துப் போகிறான் என்று கேலி பேசியிருந்தார்களே தவிர, எதற்கென்று யாரும் கேட்டதில்லை. "நீ சொல்லுப்பா, நீ சொன்னா கேப்பாங்க," என்று மட்டும் சொன்னான் லவுட்ஸ்பீக்கர்.

அண்ணன் எழுந்தான். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான். மேடையை நிமிர்ந்து பார்க்கவில்லை, மைக்கைப் பார்த்தான். அண்ணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேசைக்குக் கீழே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அளந்தது என் தங்கச்சி," என்றான். "அவ தப்பா அளக்க மாட்டா."

உட்கார்ந்துவிட்டான். மண்டபத்தில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். பவர்பாயிண்ட் என் பக்கம் சாய்ந்து, உங்கள் அண்ணன் முதிர்ச்சியான மனிதர் என்றார்.

வெளியே வந்தபோது படிக்கட்டில் லவுட்ஸ்பீக்கர் நின்றுகொண்டிருந்தான். சத்தம் போடவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக மெதுவாகப் பேசினான்: "குடும்பத்தோட சேந்து எங்கள வித்துட்டியேடா." அண்ணன் படியிறங்கிப் போனான். அன்றிலிருந்து அந்தக் கரையில் அவனிடம் யாரும் நெருப்புக்குச்சிகூடக் கேட்டதில்லை. முப்பது வருஷம் எல்லோருக்கும் வேண்டியவனாக இருந்ததைச் சம்பாதித்தது அவன். செலவழித்தது நான்.

அண்ணி மட்டும் நிஜம் தெரிந்தவள். அன்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள்தானே. மூன்றாம் நாள் காலை எனக்குத் தட்டை வைத்துவிட்டு எதிரே நின்றாள்.

"உன் கைவலிக்கு நாங்க குடாவையே குடுத்துட்டோம். இப்ப வலி போச்சா?"

நான் சாப்பிட்டு முடித்தேன். எழுந்து போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகும் என்று ஒரு பிடிவாதம். அந்த வாரக் கடைசியில் நிலையத்துக் குடியிருப்புக்கு மாறிவிட்டேன். அண்ணன்தான் என் பெட்டிகளைத் தூக்கி வந்தான். மெத்தையை எந்தப் பக்கம் போட்டால் காற்று வரும் என்று பார்த்துப் போட்டுவிட்டுப் போனான்.

தடை வந்தது. குடாவின் வாயில் மஞ்சள் மிதவைகள் கட்டினார்கள். நாற்பது படகில் பாதியை விற்றார்கள். மீதி கரையில் கவிழ்ந்து கிடந்து வெடித்தது. லவுட்ஸ்பீக்கர் ஏதோ கிடங்கில் மூட்டை தூக்கப் போனான். அண்ணன் படகை விற்கவில்லை, வாங்க ஆள் வரவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தான். பிறகு நான் பவர்பாயிண்டிடம் பேசி, நிலையத்தின் ஆய்வுப் படகில் அவனுக்குக் கூலி வேலை வாங்கிக் கொடுத்தேன். வலை இழுக்க, தளம் கழுவ, மீனின் தலையை வெட்ட. முதுகில் நிலையத்தின் பெயர் போட்ட சட்டை கொடுத்தார்கள். தோளில் பிடித்தது. அவனுக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நான் நிஜமாகவே நினைத்தேன். அவனைத் தெருவில் பார்த்தால் அந்தச் சட்டையை வைத்தே ஏசினார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

என் நேர்மையைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். தடையால் கடற்புல் நன்றாக வந்தது. வெறும் மணலாகக் கிடந்த இடத்தில் முழங்கால் உயரம் புல், அதற்குள் குஞ்சு மீன்கள். முங்கிப் பார்த்துவிட்டு மேலே வரும்போதெல்லாம், எப்படியோ நல்லதுதானே நடந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நங்கூரத்தை மட்டும் தடுத்திருந்தாலே புல் வந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதையும் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், ஆனால் அவ்வளவு சத்தமாக இல்லை.

இரண்டாம் வருஷ ஆய்வில் முதல் நாளே பெரிய கலவா ஏறியது. ஒரு மீட்டருக்கு நாலு விரற்கடை குறைவு. அண்ணன்தான் தூண்டிலை இழுத்தான். தளத்தில் போட்டபோது பலகை அதிர்ந்தது. பவர்பாயிண்ட் கைபேசியை எடுத்து, மீனோடு என்னை நிற்க வைத்து நாலு படம் எடுத்தார். அண்ணன் மீனைப் பிடித்துக்கொண்டிருந்தான். படத்தில் அவன் கை மட்டும் விழுந்தது.

"ரெண்டே வருஷத்துல பாருங்க," என்றார் பவர்பாயிண்ட். அன்று சாயங்காலமே அதிகாரிக்கு அனுப்ப வேண்டுமாம். தடையை ஐந்திலிருந்து பத்தாக நீட்டக் கேட்கப் போகிறார்களாம், பக்கத்துக் குடாவுக்கும் சேர்த்து. பிறகு குரலைத் தாழ்த்தி, இந்த வருஷத்து அறிக்கையில் நீளம் மட்டும் போட்டால் போதும், வயது பார்ப்பது வீண் வேலை என்றார். முகத்தில் சலனமே இல்லை. எந்தக் கலவாவும் இரண்டு வருஷத்தில் இவ்வளவு வளராது, வயது பார்த்தால் அது வெளியே வந்துவிடும். அப்போதுதான் இந்த மனிதர் முட்டாள் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. எவ்வளவு நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

மத்தியானம் ஆய்வுக்கூடத்தில் நான் தனியாக இருந்தேன். அண்ணன் அந்தத் தலையைத் தட்டில் வைத்து எடுத்து வந்தான். தட்டைவிடத் தலை பெரிது.

"இது பெருசு பாப்பா. நீ தொடாத, நான் எடுத்துத் தரேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அறிக்கைக்கு வயது தேவையில்லை. ஆனால் பத்தொன்பது வருஷப் பழக்கம், எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவன் செவுளைத் தூக்கிக் கத்தியை உள்ளே விட்டு இரண்டே திருகலில் கல்லை எடுத்தான். நான் செய்திருந்தால் அரைமணி நேரம் ஆகியிருக்கும். கழுவித் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தான். பிறகு தாளை எடுத்துத் தேதி, நீளம், இடம் எல்லாம் தன் திருத்தமான எழுத்தில் நிரப்பினான். கையெழுத்துப் போடும் இடத்தை எனக்காக விட்டுவிட்டு, தளத்தைக் கழுவப் போனான்.

அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. கல்லை நடுவில் இரண்டாக உடைத்து, உடைந்த முகத்தைச் சாராய விளக்கில் வாட்டினால் வளையங்கள் பழுப்பாகத் தெரியும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். கோடுகள் அவ்வளவு தெளிவு. எண்ணினேன். இருபத்தாறு. மறுபடி எண்ணினேன். இருபத்தாறு. அண்ணனுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னாலேயே இந்த மீன் குடாவில் இருந்திருக்கிறது. அவன் இத்தனை வருஷமும் தூண்டில் போட்டபோது இருந்திருக்கிறது. இரண்டரை வருஷம் நான் கிழட்டு மீன் எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டபோதும், மண்டபத்தில் அவன் எழுந்து நின்றபோதும் அந்தப் பாறை இடுக்கில் சுகமாக இருந்திருக்கிறது.

உடைந்த கல்லையும் அதன் ஜோடியையும் கழுவுதொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தேன். குழாயை மூடும்போது வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. கையில் கழுவாத கத்தி.

"எத்தன வயசு?" என்றான்.

"மூணு," என்றேன்.

முப்பது வருஷம் கலவா பிடித்தவன். எந்த மீன் எத்தனை வருஷத்தில் எவ்வளவு வளரும் என்று கல்லைப் பார்க்காமலே சொல்லக் கூடியவன். கழுவுதொட்டியை ஒரு தடவை பார்த்தான், என்னை ஒரு தடவை பார்த்தான்.

"மூணு வயசுக்கு நல்லா வளந்திருக்கு," என்றான்.

கேலி இல்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். குழந்தை பொய் சொன்னால் பெரியவர்கள் ஒத்துப்போவார்களே, அந்தக் குரல். உள்ளே வந்து தொட்டியில் கத்தியைக் கழுவினான், துணியால் துடைத்தான், அதன் இடத்தில் மாட்டினான். தாளில் கையெழுத்துப் போட நான் பேனாவை எடுத்தேன்.

"கை இப்ப எப்படி இருக்கு பாப்பா?" என்று கேட்டான்.

பரவாயில்லை என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.